சோஷியல் டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்: பிள்ளைங்கள ஒரு நாள் ஃப்ரீடம் பார்க் கூட்டிட்டு போங்க

பெங்களூர்ல ஒம்பதாவது, பத்தாவதுக்கு சோஷியல் எடுக்கிற டீச்சர்களுக்கும் சார்களுக்கும், அவங்களுக்கு டைம்டேபிள் போட்டு குடுக்கிற ஹெச்எம்களுக்கும்,

வணக்கம். நான் ஸ்ரீராமபுரத்துல வீட்டுலயே ட்யூஷன் எடுக்கிறவ. சாயங்காலம் ஆறு மணிக்கு பதினாலு பிள்ளைங்க வருவாங்க, பாதி பேர் வீட்டுல தமிழ், மிச்சம் கன்னடம் தெலுங்கு, ஹால்ல பாய் விரிச்சு உக்காந்தா எல்லாம் கலந்துதான் பேசுவோம். நீங்க காலைல நடத்தின பாடத்தத்தான் நான் ராத்திரி மறுபடி நடத்துறேன், அதனால உங்க மேல குத்தம் சொல்ல இத எழுதல. அம்பது அறுபது பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நாப்பது நிமிஷத்துல போர்ஷன் முடிக்கிற கஷ்டம் எனக்கு தெரியும். ஆனா ஒரு விஷயம் ரொம்ப நாளா மனசுல கெடந்து உறுத்துது, அத உங்ககிட்டதான் சொல்லணும்.

போன வருஷம் என்கிட்ட படிக்கிற ஒம்பதாங்கிளாஸ் பையன் ஒருத்தன் ஸ்கூல் டிபேட்ல ஃபர்ஸ்ட் ப்ரைஸ் வாங்கிட்டு வந்தான். சர்டிஃபிகேட்ட கசங்காம நோட்டுக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்து காட்டினான். தலைப்பு என்னன்னா, இந்தியாவுக்கு ஒரு நல்ல சர்வாதிகாரி தேவையா. இவன் தேவைன்னு பேசியிருக்கான். எங்களுக்கும் ஒரு தடவ பேசி காட்டினான், கை ஆட்டி, குரல ஏத்தி எறக்கி, நிஜமாவே நல்லா பேசினான். ஹிட்லர் ரோடு போட்டாரு, எல்லாருக்கும் வேலை குடுத்தாரு, ஆறே வருஷத்துல ஜெர்மனிய தூக்கி நிறுத்தினாரு, ஒரே ஒரு தப்பு யூதர்கள கொன்னதுன்னு. அறுபது லட்சம் பேர கொன்னது அந்தப் பேச்சுல ஒரு வரி, அதுவும் "ஒரே ஒரு தப்பு". மத்த பிள்ளைங்க கை தட்டினாங்க. எனக்கு கை எழும்பல. அந்தப் பையன் மேல எனக்கு கோபம் இல்ல, அவன் கெட்டிக்காரன், யாரோ சொன்னத அழகா சொல்றான். அத கேட்டுட்டு மார்க் போட்ட பெரியவங்க மூணு பேர்ல ஒருத்தர் கூட அவன ஒரு கேள்வி கேக்கலயேன்னுதான் எனக்கு ஆறல.

அவன் எங்கேருந்து கத்துக்கிட்டான்னு யோசிச்சா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. நம்ம வீடுகள்ல பேசுறதுதான். ரோட்டுல குழி, ஆபீஸ்ல லஞ்சம், சில்க் போர்டு ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் நின்னுட்டு வீட்டுக்கு வந்து சேர்ற மனுஷன் சொல்ற மொத வார்த்தை, "இந்த நாட்டுக்கு ஒரு அஞ்சு வருஷம் மிலிட்டரி ஆட்சி வந்தாதான் சரிப்படும்". பிள்ளைங்க சோறு தின்னுகிட்டே கேட்டுட்டு இருக்கும். பரீட்சையில கேக்குறது "ஹிட்லரின் எழுச்சிக்கான காரணங்களை எழுதுக, அஞ்சு மார்க்". வெர்சாய் ஒப்பந்தம், பொருளாதார மந்தம், பிரச்சாரம்னு அஞ்சு பாயிண்ட் எழுதிடுவாங்க, ஃபுல் மார்க்கும் வாங்கிடுவாங்க, ஆனா அந்த அஞ்சு பாயிண்ட்டுக்கும் வீட்டுல அப்பா சொன்னதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவங்களுக்கு தோணவே தோணாது, ஏன்னா அங்க ஒரு மோசமான ஆள் வந்தான், நம்ம அப்பா கேக்குறது ஒரு நல்ல ஆள்.

இங்கதான் பாடத்த கொஞ்சம் திருப்பணும்னு நான் நெனைக்கிறேன். ஆள் நல்லவனா கெட்டவனான்னு பாக்குறத விட்டுட்டு, அவன யாரு தடுக்க முடியும், யாரு எறக்க முடியும்னு ஒவ்வொரு கட்டத்துலயும் கேக்கணும். நான் இப்போ ஜெர்மனி பாடத்த காலண்டர வச்சுதான் நடத்துறேன். 1933 ஜனவரி 30, ஹிட்லர் சான்சலர் ஆகுறான், துப்பாக்கி வச்சு பிடிக்கல, ஜனாதிபதி ஹிண்டன்பர்க் கூப்பிட்டு குடுத்தது. பிப்ரவரி 27 ராத்திரி பார்லிமெண்ட் கட்டடம் எரியுது. மறுநாளே அவசர ஆணை, பேச்சுரிமை போச்சு, பத்திரிகை போச்சு, யாரையும் காரணம் சொல்லாம புடிச்சு உள்ள போடலாம். அதுக்கு ஜனாதிபதி பயன்படுத்தினது அவங்க அரசியல் சட்டத்துலயே இருந்த 48வது பிரிவு. மார்ச் 5 தேர்தல், இவ்வளவு மிரட்டியும் அவனுக்கு கெடச்சது 43.9 சதவீதம்தான், பாதி கூட வரல. மார்ச் 23, பார்லிமெண்ட்ட கேக்காமலே அரசாங்கம் சட்டம் போடலாம்னு ஒரு சட்டம், நாலே வருஷத்துக்குத்தான்னு சொல்லி. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் எம்பிக்கள உள்ளயே விடல, கைது பண்ணியாச்சு, இல்லன்னா தலைமறைவு. சபைக்குள்ளயும் வெளியவும் பழுப்பு சட்டை போட்ட ஹிட்லரோட அடியாளுங்க நிக்கிறாங்க, அதுக்கு நடுவுல எந்திரிச்சு நின்னு முடியாதுன்னு பேசின சோஷியல் டெமாக்ரட் தலைவர் ஓட்டோ வெல்ஸ், அவர் பேர நம்ம பிள்ளைங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஜனவரி 30லேருந்து மார்ச் 23 வரைக்கும் பிள்ளைங்களயே எண்ண சொல்வேன், விரல் விட்டு எண்ணுவாங்க. 52 நாள். நம்ம டெர்ம் பரீட்சைக்கும் அடுத்த டெர்ம் பரீட்சைக்கும் நடுவுல இருக்கிற நாள் கூட இல்ல. அந்த நாலு வருஷ சட்டத்த அப்புறம் திரும்ப திரும்ப நீட்டிச்சு, கடைசியில 1945ல ஜெர்மனி தோத்த பிறகுதான் அது போச்சு.

அந்த ரோடு கதையும் அப்படித்தான். கொலோனுக்கும் பானுக்கும் நடுவுல அந்த மாதிரி மோட்டார் ரோட்ட 1932லயே திறந்தாச்சு, திறந்து வச்சது கொலோன் மேயர் அடினாயர், ஹிட்லர் அப்போ ஆட்சியிலயே இல்ல. வேலை குடுத்ததுல இன்னொரு விஷயம் சொல்றேன், இத கேட்டா மட்டும் எங்க பிள்ளைங்க அமைதியா ஆயிடுவாங்க. 1933 மே 1ஆம் தேதி தொழிலாளர் தினத்துக்கு சம்பளத்தோட லீவு விட்டு பெரிய ஊர்வலம் நடத்தினான். மே 2ஆம் தேதி எல்லா தொழிற்சங்க ஆபீசுக்குள்ளயும் ஆள அனுப்பி, தலைவர்கள புடிச்சு, சங்கத்தையே இழுத்து மூடினான். ஒரே ராத்திரிதான் நடுவுல.

எங்க அப்பா மில்லுல வேலை பாத்தவரு. எமர்ஜென்சிய, அதான் 1975லேருந்து 77 வரைக்கும் இந்திரா காந்தி போட்ட அவசர நிலைய பத்தி கேட்டா மொதல்ல "ட்ரெய்ன் கரெக்ட் டைமுக்கு வந்துச்சும்மா, ஆபீஸ்ல எல்லாம் சீட்டுல உக்காந்து இருந்தாங்க"ன்னுதான் சொல்வாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "அந்த வருஷம் போனஸ கொறச்சிட்டாங்க, கேக்கவும் முடியல"ம்பாரு. 1975 செப்டம்பர்ல அவசர சட்டம் போட்டு குறைஞ்சபட்ச போனஸ 8.33 சதவீதத்துலேருந்து 4 சதவீதமா கொறச்சாங்க, கேட்டா உள்ள போட மிசா இருக்கு, விசாரணை இல்லாம ஜெயில்ல வைக்கிற சட்டம். ரெண்டும் ஒரே கதைன்னு அப்பாவுக்கு கடைசி வரைக்கும் தோணல. ரெண்டையும் தனித்தனியாத்தான் சொல்வாரு, டீ குடிச்சுகிட்டே.

இத பிள்ளைங்களுக்கு எப்படி புரிய வைக்கிறதுன்னு நான் ரொம்ப திணறியிருக்கேன். கடைசியில வழி காட்டினது க்ளாஸ் லீடர்தான். ஒரு நாள் சும்மா கேட்டேன், டீச்சர் இல்லாதப்போ உங்க லீடர் பேசுறவங்க பேர போர்டுல எழுதுறான்ல, அவன யாரு கண்காணிக்கிறதுன்னு. அவ்வளவுதான், மட மடன்னு கொட்டினாங்க. "மிஸ், அவன் ஃப்ரெண்ட்ஸ் பேரு வரவே வராது." "மிஸ், பேர் எழுதினதுக்கு அப்புறம் மறுபடி பேசினா பக்கத்துல ஒரு எக்ஸ் போடுவான்." ஒரு பொண்ணு சொல்லிச்சு, "நான் பேசவே இல்லடான்னு சொன்னேன் மிஸ், அதுக்கே இன்னொரு எக்ஸ் போட்டான்." டீச்சர் வந்ததும் என்ன ஆகும்னு கேட்டேன். போர்டுல பேர் இருந்தா அடிதான், ஏன் எழுதினேன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு எல்லாரும் ஒண்ணா சொன்னாங்க. அப்போ மூலையில உக்காந்திருந்த பத்தாங்கிளாஸ் பையன், ரொம்ப பேச மாட்டான், தலைய குனிஞ்சுகிட்டே சொன்னான், "நான் ஆறாவதுல லீடரா இருந்தேன் மிஸ். மொத வாரம் நேர்மையாத்தான் எழுதினேன். யாரும் கேக்கலன்னு தெரிஞ்சதும் புடிக்காதவங்க பேர எழுத ஆரம்பிச்சேன்." அவன் கெட்ட பையன் கிடையாது. அவன் சொன்னதுக்கு மேல அந்தப் பாடத்துல நான் நடத்துறதுக்கு ஒண்ணுமே இருக்கல.

அதுக்கப்புறம் மிசாவ சொன்னா டக்குன்னு புடிச்சுக்கிட்டாங்க. புடிச்சுட்டு போன ஆளுக்கு ஏன் புடிச்சோம்னு காரணமே சொல்ல வேண்டாம்னு சட்டத்த திருத்தினாங்க, அடிப்படை உரிமைய கேட்டு கோர்ட்டுக்கு போக முடியாதுன்னு ஜனாதிபதி உத்தரவு போட்டாரு. "அப்போ நான் பேசலன்னு சொல்றதுக்கு இடமே இல்லையா மிஸ்"னு அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு. ஒரு லட்சத்துக்கும் மேல ஆளுங்கள விசாரணை இல்லாம உள்ள வச்சாங்க. ஒம்பது ஹைகோர்ட், நம்ம கர்நாடக ஹைகோர்ட்டும் அதுல ஒண்ணு, இல்ல இவங்க மனு போடலாம்னு சொன்னாங்க. 1976 ஏப்ரல் 28 சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒண்ணுன்னு முடியாதுன்னு சொல்லிடுச்சு. அந்தக் கேஸ் நடக்கும்போது ஜட்ஜ் ஹெச்.ஆர்.கன்னா, ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்கு ஒருத்தர கொன்னுட்டா கூட வழி இல்லையான்னு அரசாங்க வக்கீல கேக்குறாரு, எமர்ஜென்சி இருக்கிற வரைக்கும் இல்லன்னு பதில் வருது. கன்னா மட்டும்தான் எதிர்த்து தீர்ப்பு எழுதினாரு, அதுக்கு வெலையா சீஃப் ஜஸ்டிஸ் பதவிய அவருக்கு குடுக்காம ஜூனியருக்கு குடுத்தாங்க, 1977 ஜனவரியில, அவரும் ராஜினாமா பண்ணிட்டாரு. அந்த நாலு பேர்ல ஒருத்தர் ஒய்.வி.சந்திரசூட். 2017ல அந்தத் தீர்ப்ப தப்புன்னு தூக்கி போட்ட ஒம்பது ஜட்ஜுல ஒருத்தர் அவரோட பையன் டி.ஒய்.சந்திரசூட். அந்த 2017 கேஸ போட்டவரு நம்ம பெங்களூர்க்காரர், ரிட்டயர்ட் ஹைகோர்ட் ஜட்ஜ் புட்டசாமி. தப்ப சரி பண்ண நாப்பத்தோரு வருஷம் ஆச்சு, ஆனா சரி பண்ண ஒரு இடம் மிச்சம் இருந்துச்சு. பிள்ளைங்களுக்கு ரெண்டையும் சேத்து சொல்லணும்.

இப்போ ஃப்ரீடம் பார்க் விஷயம். சேஷாத்ரி ரோட்டுல தினமும் பஸ்ல அத தாண்டி போறோம், அது பழைய சென்ட்ரல் ஜெயில்னு எத்தன பிள்ளைங்களுக்கு தெரியும்? 2000ல ஜெயில பரப்பன அக்ரஹாரத்துக்கு மாத்தினாங்க, 2008ல பார்க்கா திறந்தாங்க. நடுவுல ஒசரமா காவல் கோபுரம் இன்னும் நிக்குது. நான் போன டிசம்பர்ல பதினாலு பேரையும் ஒரு ஞாயித்துக்கெழம கூட்டிட்டு போனேன். 1975 ஜூன் 26 காலைல வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே எல்லாம் பார்லிமெண்ட் கமிட்டி வேலையா இங்க பெங்களூர்ல இருந்தாங்க, இங்கயே கைது பண்ணி இந்த ஜெயிலுக்குத்தான் கொண்டாந்தாங்க, வாஜ்பாயும் அத்வானியும் ஜனசங்கம், தண்டவதே சோஷியலிஸ்ட். தேவகௌடாவும் இங்க இருந்திருக்காரு. ரெண்டு பேர் பின்னால பிரதமர் ஆனாங்கன்னு சொன்னதும் பிள்ளைங்களுக்கு ஆச்சரியம் தாங்கல.

ஆனா நான் அவங்கள கூட்டிட்டு போனது பிரதமர் கதைக்கு இல்ல, சினேகலதா ரெட்டிக்காக. மெட்ராஸ்ல நாடகக் குழு ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், தேசிய விருது வாங்கின கன்னடப் படத்துல நடிச்சவங்க, ஆஸ்துமாக்காரங்க. எமர்ஜென்சிய எதிர்த்து தலைமறைவா இருந்த சோஷியலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸோட சிநேகிதம்னு 1976 மே மாசம் புடிச்சு இந்த ஜெயில்ல எட்டு மாசம் வச்சாங்க. டைனமைட் வைக்க சதி பண்ணினாங்கன்னு ஃபெர்னாண்டஸ் மேல போட்ட பரோடா டைனமைட் கேஸோட குத்தப்பத்திரிகையில அவங்க பேரே இல்ல. பேரே இல்லாத கேஸுக்கு எட்டு மாசம். மூச்சு விட முடியாம, சரியான வைத்தியமும் இல்லாம, 1977 ஜனவரி 15 பரோல்ல வெளிய விட்டாங்க, 20ஆம் தேதி எறந்துட்டாங்க. அஞ்சே நாள். என் ட்யூஷன்ல ஒரு பொண்ணு இன்ஹேலர் வச்சிருக்கிறவ. நான் இத சொல்லும்போது அவ கை தானா போய் பேக் ஜிப்ப தொட்டு பாத்துச்சு. அப்புறம் அவ தான் மொத ஆளா கேட்டா, "ஜெயில்ல இருந்த டாக்டர் முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல மிஸ்?" நாலு பேரோட தீர்ப்ப விட எனக்கு அந்தக் கேள்வி பெருசா பட்டுச்சு.

நாங்க போன அன்னைக்கு பார்க்ல ஒரு பக்கம் போராட்டம் நடந்துட்டு இருந்துச்சு, மைக் வச்சு பேசிட்டு இருந்தாங்க. 2021 உத்தரவுக்கு அப்புறம் பெங்களூர் சிட்டியில போராட்டம்னா இந்த பார்க்லதான் பண்ணணும்னு ஆக்கிட்டாங்க. "எதிர்த்தவங்கள அடைச்ச எடத்துலதான் இப்போ எதிர்க்கணுமா"ன்னு பிள்ளைங்க கேட்டாங்க, ட்ராஃபிக் காரணம் சொல்றாங்கன்னு நான் சொன்னேன், அது நியாயமா இல்லையான்னு திரும்பி வர்ற வழி முழுக்க அவங்களுக்குள்ள சண்ட. நான் நடுவுல போகல.

ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்காம சொல்லிடணும். 1977 தேர்தல்ல வடக்கே ஜனங்க எமர்ஜென்சிய தூக்கி எறிஞ்சாங்க, நம்ம கர்நாடகால 28ல 26 சீட்டு காங்கிரசுக்குத்தான் போச்சு. தமிழ்நாட்டுலயும் காங்கிரஸ் இருந்த கூட்டணிதான் ஜெயிச்சுது. கட்டாய கருத்தடையும் டெல்லி துர்க்மான் கேட்ல வீடு இடிச்சதும் வடக்குல கண்ணால பாத்தாங்க, இங்க அந்த அளவுக்கு வரல, பேப்பர்ல சென்சார், அதனால நடந்ததே தெரியல. மெட்ராஸ் சென்ட்ரல் ஜெயில்ல முன்னாள் மேயர் சிட்டிபாபு அடி வாங்கி, அதுலயே 1977 தொடக்கத்துல எறந்தாரு, அது கூட அப்போ எத்தன வீட்டுக்கு போய் சேர்ந்துச்சோ. நமக்கு வலிக்காதவரைக்கும் ட்ரெய்ன் டைமுக்கு வந்ததுதான் ஞாபகம் இருக்கும், எங்க அப்பாவுக்கு இருந்த மாதிரி.

சில டீச்சர்கள் க்ளாஸ்லயே நடிச்சு காட்டலாம்னு சொல்றாங்க, ஒரு வாரம் கண்டிப்பான ரூல் போட்டு பிள்ளைங்களுக்கே தெரியாம ஒரு சர்வாதிகார க்ளாஸ். தயவு செஞ்சு அது வேண்டாம். 1967ல கலிஃபோர்னியா பாலோ ஆல்ட்டோவுல ரான் ஜோன்ஸ்னு ஒரு ஹிஸ்டரி வாத்தியார் இதத்தான் பண்ணினாரு, சல்யூட், மெம்பர் கார்டு, யாரு ரூல மீறுறாங்கன்னு சொல்றதுக்கு ஆளு. ஒரு வாரத்துக்குள்ள அடுத்த க்ளாஸ் பிள்ளைங்களும் வந்து சேர்ந்து, அவர் கை மீறி போயி நிறுத்த வேண்டியதா போச்சு. பிள்ளைங்கள ஏமாத்தி அத கத்து குடுக்கணும்னு இல்ல, அவங்ககிட்ட போர்டும் சாக்பீஸும் அனுபவமும் ஏற்கனவே இருக்கு, கேட்டா போதும்.

கேக்குறதுன்னா நம்மளையும் கேக்க விடணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பிள்ள நான் சொன்ன தேதி தப்புன்னு சொன்னப்போ "எனக்கு தெரியும், வாய மூடு"ன்னு கத்திட்டேன். ராத்திரி புக்க பாத்தா அவ சொன்னதுதான் சரி. மறுநாள் எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டேன், தொண்ட அடைச்சுது, ஆனா கேட்டேன். அதுலேருந்துதான் இவங்க இவ்வளவு கேக்க ஆரம்பிச்சாங்க. டீச்சர் முகத்த பாத்து தப்புன்னு சொல்ல பழகாத பிள்ள நாளைக்கு மந்திரி முகத்த பாத்து எப்படி சொல்லும்? 1975 ஜூன் 25 ராத்திரி ஜனாதிபதி கையெழுத்து போட்டாச்சு, மறுநாள் காலைல ஆறு மணிக்குத்தான் மந்திரிசபைய கூப்பிட்டு சொன்னாங்க, அத்தன மந்திரியும் உக்காந்து கேட்டுட்டு போனாங்க. அதனாலதான் 1978ல 44வது திருத்தத்துல மந்திரிசபை எழுத்துல குடுத்தாதான் எமர்ஜென்சின்னு போட்டாங்க, உயிர் வாழுற உரிமைய எந்த எமர்ஜென்சியிலயும் நிறுத்த முடியாதுன்னும் போட்டாங்க. இந்த ஒட்டு எந்த ஓட்டைக்காக போட்டதுன்னு சொல்லி குடுத்தா பிள்ளைங்க மறக்க மாட்டாங்க.

அந்த டிபேட் தலைப்ப தடை பண்ணுங்கன்னு நான் கேக்கல. பேசட்டும். பேசி முடிச்சதும் ஜட்ஜ் சீட்டுல இருக்கிறவங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்த நல்லவர் நாலாவது வருஷம் மாறிட்டா, அவர எப்படிப்பா எறக்குவ? அதுக்கு பதில் சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு ப்ரைஸ் குடுங்க. ப்ரைஸ் வாங்கின அந்தப் பையன நான் இதே கேள்விய கேட்டேன், ஃப்ரீடம் பார்க் கோபுரத்துக்கு கீழ வச்சு. ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "யோசிச்சு சொல்றேன் மிஸ்"னான். இன்னும் சொல்லல, நானும் அவசரப்படுத்தல.

இந்த டெர்ம்ல ஒரு சனிக்கெழம ஒதுக்குங்க. வேற ஏரியா ஸ்கூல்னாலும் பரவாயில்ல, ஸ்ரீராமபுரத்துலேருந்து மெட்ரோவுல மெஜஸ்டிக் ரெண்டாவது ஸ்டேஷன், நான் அங்க வந்து நிக்கிறேன், மிச்ச தூரத்த நடந்தே போயிடலாம். உங்களுக்கு டைம் இல்லன்னா பிள்ளைங்கள மட்டும் அனுப்புங்க, கூட ஒரு டீச்சர் இருந்தா போதும், தமிழ்லயும் கன்னடத்துலயும் நானே சொல்றேன். வெயிலுக்கு தொப்பியும் தண்ணி பாட்டிலும் குடுத்து விடுங்க, மூச்சுத் தொந்தரவு இருக்கிற பிள்ளைங்க இன்ஹேலர மறக்காம எடுத்துட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரத்துல ட்யூஷன் எடுக்கிற உங்கள்ல ஒருத்தி